யார் சொல்லித் தின்பது

காளான் கையேடுகளில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சொல் நிற்கும். உண்ணலாம். சில பக்கங்களில் உண்ணக்கூடாது, இன்னும் சிலவற்றில் கொல்லும். குடையின் நிறம், தண்டின் உயரம், எந்த மரத்தடியில் எந்த மாதம் வரும் என்பதையெல்லாம் பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் விளக்கமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நிறத்தைக் காட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். உயரத்தை அளந்து பார்க்கலாம். உண்ணலாம் என்பதைச் சரிபார்க்க ஒரே வழிதான் உண்டு. அந்த வழியில் யாரோ முன்னமே போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார் என்று நம்பித்தான் பின்னால் வருகிறவர் வாயைத் திறக்கிறார். யார் அவர், எத்தனை முறை தின்றார், பிறகு எவ்வளவு காலம் இருந்தார் என்று கையேடு சொல்வதில்லை. விஷக் காளான்கூட அவ்வளவாக உறுத்துவதில்லை. உறுத்துவது இந்தச் சொல்தான்.

1927 ஆகஸ்ட் மாதக் கடைசி. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைக்குத் தாமதமான தேனிலவுக்காக ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கோர்டன் வாஸன் அப்போது பத்திரிகையில் நிதிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர், பின்னாளில் வங்கி அதிகாரி. மனைவி வாலன்தீனா பாவ்லோவ்னா மாஸ்கோவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய குழந்தை மருத்துவர். காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்த வாலன்தீனா திடீரென்று கணவரை விட்டு மரங்களுக்குள் ஓடினார். சருகுக்கு மேலே கூட்டம்கூட்டமாகக் காளான். அவற்றின் முன் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் ரஷ்யச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாம் விஷம், வந்துவிடு என்று பாதையில் நின்றபடி கணவர் கெஞ்சினார். அவரோ சிரித்துக்கொண்டே கொள்ளுமட்டும் பறித்துக்கொண்டார். இரவு கொஞ்சத்தைச் சூப்பில் போட்டார், கொஞ்சத்தை இறைச்சியோடு சமைத்தார், மீந்ததை நூலில் கோத்துக் குளிர்காலத்துக்கென்று காயத் தொங்கவிட்டார். வாஸன் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. விடியும்போது மனைவியை இழந்தவனாகத்தான் எழப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே படுத்ததாகப் பிற்பாடு எழுதினார். விடிந்தது. வாலன்தீனா எழுந்து வேலையைப் பார்த்தார்.

அந்த ஒரு நாளைத் தம்பதி முப்பது ஆண்டுகள் துரத்தினார்கள். மக்களினங்களைக் காளான் விரும்பிகள், காளான் அஞ்சிகள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பழமொழிகளையும் பெயர்களையும் சேகரித்து 1957இல் இரண்டு பெரிய தொகுதிகளாக, மொத்தம் 512 படிகள் மட்டும், வெளியிட்டார்கள். ரஷ்யாவுக்கும் ஆங்கிலேய உலகத்துக்கும் நடுவே நடந்த மோதலாகத்தான் அவர்கள் அதைக் கண்டார்கள். பண்பாடு என்ற பெரிய சொல்லுக்கு அங்கே வேலை இருந்ததா என்று சந்தேகமாயிருக்கிறது. அந்த மலைவீட்டில் நடந்தது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு பெண் தன்னை வளர்த்தவர்கள் சொன்னதை நம்பினார். பக்கத்தில் படுத்திருந்தவர் அந்தப் பெண்ணின் சொல்லை நம்பவில்லை.

வெறுப்பு முதலில் பெயரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தின்னாத காளானுக்கு ஆங்கிலத்தில் தேரையின் முக்காலி என்று பெயர். ரஷ்யர்கள் பகான்கா என்பார்கள், அசுத்தம் என்று பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் நாய்க்குடை. இதற்கு முந்தைய சொல்லான ஆம்பி அழகாக இருந்தாலும் அது இலக்கியத்தில் நுழைந்த வாசல் அவ்வளவு நல்ல வாசல் இல்லை. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் ஆம்பி பூப்பது காட்டில் இல்லை, சமைத்துப் பல நாளான அடுப்பில். சிறுபாணாற்றுப்படையிலும் வறியவர் வீட்டுப் புழுதிதான் அதற்கு இடம். பசித்தவன் வீட்டில் முளைத்ததை அந்தப் பசித்தவன் தின்றான் என்று புலவர்கள் பாடவில்லை. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயமோ பூண்டு, வெங்காயத்தோடு சேர்த்துக் காளானையும் இருபிறப்பாளர் இலையிலிருந்து விலக்கிவைத்தது. இவையெல்லாம் ஏட்டுச் சங்கதி. இடி இடித்த மறுநாள் விடியுமுன் கூடையோடு புற்றுமேட்டுக்குப் போகிறவர்கள் இந்த விலக்கெல்லாம் தெரிந்ததுபோலவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். இடிக்கும் காளானுக்கும் உறவுண்டு என்பதைக் கிரேக்கத்து ப்ளூட்டார்க்கும் விருந்துப் பேச்சில் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு விவாதித்திருக்கிறார். புற்றுக்காளானில் ஒரு வசதி உண்டு. அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு கறையான் கூட்டுக்குள் போய்ச் சேர்கிறது, அங்கே அதை வளர்ப்பதே கறையான்தான். தோண்டிப் பார்த்தால் முகவரி தெரிந்துவிடும். வடக்கத்திக் கோடைக் காடுகளில் பலவற்றுக்கு இப்படியொரு முகவரி கிடையாது.

அந்தக் காடுகளில் ஜூலை பிறந்து நாலு நாள் மழை விட்டதும் ஒரு வாசனை எழும். ஈரச் சருகு, பாசி, மக்கிய மரம், அதற்கு நடுவே கொஞ்சம் பழ வாசனை. முட்டைக்கருவின் நிறத்தில் பாசிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சாந்தரெல் காளானை முகர்ந்தால் ஆப்ரிகாட் பழம் நினைவுக்கு வரும். ரஷ்யாவில் அதற்குக் குட்டி நரி என்று பெயர், லிசிச்கா. ஓக், பீச், பிர்ச், ஊசியிலை மரங்கள் இவற்றின் வேர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டு வாழும் இதை, சிப்பிக்காளானைப்போலக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியவில்லை. ஆகவே காட்டுக்குத்தான் போகவேண்டும். காளான் பொறுக்குவதை ரஷ்யர்கள் அமைதியான வேட்டை என்கிறார்கள். வேட்டை என்ற சொல் சரியாகத்தான் பொருந்துகிறது. முதல் அரைமணி நேரம் எதுவுமே தெரியாது, சருகுதான். முதல் காளான் தெரிந்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து பார்க்கவேண்டும். அப்போது பக்கத்தில் ஆறு, அதற்குப் பின்னால் பத்து. அவை அத்தனை நேரமும் அங்கேயே இருந்தவைதான். கத்தியால் அறுப்பதா, திருகிப் பிடுங்குவதா என்று பறிப்பவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பகுதிக் காடொன்றில் 1975இல் தொடங்கி 29 ஆண்டுகள் இதை அளந்து பார்த்தார்கள். அறுத்தாலும் பிடுங்கினாலும் அடுத்தடுத்த ஆண்டு விளைச்சலில் வித்தியாசமில்லை, மிதித்து நடப்பதுதான் காளான் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். சண்டை அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

சாந்தரெல்லைக் கற்பிக்கிறவர்கள் குடையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மற்றக் காளான்களில் கத்தித்தாள்போலத் தனித்தனியாக நிற்கும் செதில்கள் இதில் வெறும் மடிப்புகளாக, உருகிய மெழுகு வழிந்து உறைந்ததுபோலத் தண்டுவரை ஓடும். நகத்தால் உரித்தால் தனியே வராது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, விரல் தெரிந்துகொள்வது வேறு. அதே ஆரஞ்சு நிறத்தில் மரக்கட்டையோரம் கொத்தாக வரும் ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டு இரவு முழுக்க வாந்தியெடுத்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. காட்டில் கண் ஆசையோடு பார்க்கிறது. தேடிப் போனதைத்தான் அது முதலில் காட்டும்.

குறுக்குவழிகள் ஏராளம். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம். நத்தை தின்றிருந்தால் நல்லது. தோல் உரிந்துவந்தால் தின்னலாம். இந்தக் கரண்டியையும் நத்தையையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. அமானிட்டா ஃபல்லாய்டஸ், ஆங்கிலத்தில் சாவின் குல்லாய் என்று பொருள்படும் பெயருடைய வெளிர்ப்பச்சைக் காளான், கரண்டியைக் கறுக்க வைக்காது. ஓடில்லா நத்தைகள் அதைச் சுகமாகத் தின்கின்றன. தோலும் உரிகிறது. தின்று பிழைத்தவர்கள் அது ருசியாகவே இருந்தது என்றிருக்கிறார்கள். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அதன் நஞ்சு போவதில்லை. ஆறு மணி நேரம், சில சமயம் அரை நாளுக்கு மேலும் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அடுத்து ஒரு நாள் தெளிவாக இருக்கும், ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். அந்த நாளில்தான் கல்லீரல் செத்துக்கொண்டிருக்கிறது.

இது தவறாக அடையாளம் கண்டவர்களின் கதை. பயங்கரம்தான், ஆனாலும் அதற்குள் ஓர் ஆறுதல் ஒளிந்திருக்கிறது. கவனமாக இருந்தால் நமக்கு நேராது என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்ளலாம். ஜூலியஸ் ஷேஃபரின் மரணம் அந்த ஆறுதலையும் பிடுங்கிக்கொள்கிறது. ஜெர்மானியக் காளான் அறிஞர். ருசுலா என்ற கடினமான பேரினத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அவருக்குப் பின் வெளிவந்தது. 1944 அக்டோபரில் அவரும் மனைவியும் பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸ் என்ற பழுப்புக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவர் அதை வேறொன்றாக நினைக்கவில்லை. பாக்ஸில்லஸ் என்று தெரிந்தே தின்றார். கிழக்கு, நடு ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக நன்றாக வேகவைத்து உண்டுவந்த காளான் அது. 17 நாளில் இறந்தார், மனைவி பிழைத்துக்கொண்டார். பத்து முறை தின்றவரைப் பதினோராவது முறை உடம்பே திருப்பித் தாக்கக்கூடும், சொந்த இரத்த அணுக்களையே அது உடைத்துவிடும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதாவது முன்னே தின்று பத்திரமாகத் திரும்பியவர்கள் சாட்சி சொன்னார்கள், அந்தச் சாட்சியும் உண்மைதான், அடுத்தவருக்கு மட்டும் அது உதவவில்லை.

பிரான்சின் தென்மேற்கில், கடலோர மணல்காட்டுப் பைன் மரங்களுக்கடியில் மஞ்சளாக ஒரு காளான் வரும். குதிரைவீரனின் பெயரால் வழங்கப்படுவது, ட்ரைகலோமா ஈக்வெஸ்ட்ரே. கையேடுகள் அதைச் சிறந்த உணவு என்று கொண்டாடின, சந்தையிலும் விற்றது. 1992க்கும் 2000க்கும் இடையே அதைத் தொடர்ந்து பல வேளை சாப்பிட்ட 12 பேர் தசைகள் கரைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள், மூவர் இறந்தார்கள். 2001இல் மருத்துவர்கள் இதை எழுதிய பிறகு பிரான்ஸ் விற்பனையைத் தடைசெய்தது. ஜப்பானில் சீடர் மரக்கட்டைகளில் தேவதையின் சிறகுபோல வெள்ளையாக வரும் சுகிஹிராத்தாகே நெடுங்காலமாக மிசோ சூப்பில் இடம்பிடித்திருந்தது. 2004ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அதைத் தின்ற 17 பேர் மூளை வீங்கி இறந்தார்கள், அவர்களில் பலர் முன்பே சிறுநீரக நோயாளிகள். ஒரே இலையுதிர்காலத்தில் ஒரு கிழவியின் சமையல் நஞ்சாக மாறிவிடுகிறது. கையேடுகளின் புதிய பதிப்பில் ஒரு சொல் திருத்தப்படுகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவரின் அலமாரிக்கு அந்தத் திருத்தம் தானாக நடந்துபோவதில்லை.

பின்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி. மூளையைப்போல மடிந்த ஒரு காளானின் விஞ்ஞானப் பெயரிலேயே உண்ணத்தக்கது என்ற சொல் இருக்கிறது, எஸ்குலென்டா. பச்சையாகத் தின்றால் அது கொல்லும். வேகும்போது வரும் ஆவி ராக்கெட் எரிபொருளாகப் பயன்பட்ட வேதிப்பொருள், சமைப்பவரையே சாய்க்கும். அங்கே அதை எச்சரிக்கைத் தாளோடு சேர்த்து விற்கிறார்கள். நிறையத் தண்ணீரில் இரண்டு முறை வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடு, சன்னலைத் திறந்து வை. உண்ணலாம் என்பதை ஒரு தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு செய்முறையாக மாற்றிக்கொண்ட ஊர் என்று இதைச் சொல்லலாம்.

சரியான அறிவே ஊர் மாறினால் ஆளைக் கொல்லும் என்பதுதான் இந்த விஷயத்தில் மனத்தை மிகவும் அலைக்கழிப்பது. வைக்கோல் காளான் தமிழ்நாட்டிலும் தெரிந்ததுதான். தென்கிழக்கு ஆசியா முழுக்க அது வீட்டு உணவு. இளசாக இருக்கும்போது ஒரு பைக்குள் அடங்கிய முட்டைபோல இருக்கும், விரிந்த பிறகு அந்தப் பை தண்டின் அடியில் கிழிந்து நிற்கும். அதை அறிந்த கண்ணுக்கு அடிப்பை என்பது நல்ல அடையாளம், நம்மூர்க் காளான் என்பதற்கான முத்திரை. ஐரோப்பியப் பாட்டிகளோ அடிப்பை தெரிந்தால் கையை எடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள், ஏனென்றால் சாவின் குல்லாய்க்கும் அதே பை. ஐரோப்பிய ஓக் மரங்களை நட்டு வளர்த்த கான்பெரா நகரத்தில் அந்த மரங்களின் வேரோடு சாவின் குல்லாயும் வந்து சேர்ந்தது. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு, அங்கே அது நடுக்கோடை. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் புத்தாண்டு விருந்துக்குச் சமைத்ததில் இது இருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் காளானை அறியாதவர்கள் இல்லை, அறிந்திருந்ததால்தான் குனிந்து பறித்தார்கள். 2015இல் ஜெர்மனிக்கு வந்த சிரிய அகதிகள் பலர், தங்கள் ஊரில் தின்ற இன்னொரு காளானைக் கண்டதாக நினைத்துப் பறித்துத் தின்று படுத்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி அடித்து ஒட்டியது. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து வெளியேற்றப்பட்டு வார்சாவுக்கு அருகே காட்டுக்கு நடுவிலிருந்த முகாமில் தங்கவைக்கப்பட்ட ஒரு குடும்பம் அங்கே பறித்த காளானைச் சூப்பாக்கிக் குடித்தது. ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் இருந்த இரண்டு சிறுவர்கள் இறந்துபோனார்கள். போரிலிருந்து தப்பி வந்த வழியெல்லாம் எண்ணிப் பார்த்தால் இந்தச் சாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடையாளமும் சரி, பாட்டி சொன்னதும் சரி, ஊரும் மாறவில்லை, ஆனாலும் உண்ணக்கூடாது என்ற நிலையும் உண்டு. பவேரியக் காடுகளில் பழுப்புக் குடையும் மஞ்சள் அடிப்பக்கமும் கொண்ட ஒரு காளான், அழுத்தினால் நீலமாகும், வாசனையாக இருக்கும், அங்கே எல்லோரும் விரும்புவது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தது. சில நாள் கழித்துத் தெற்கு ஜெர்மனியில் மழை பெய்தது. அந்த மழையில் இறங்கிய சீசியம்-137இன் பாதி சிதைய முப்பது ஆண்டுகள் ஆகும். இந்தக் காளான் அதை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் குடைத்தோலில் பிடித்துவைத்துக்கொள்கிறது. விற்பனைக்கு ஒரு கிலோவுக்கு 600 பெக்கரெல் என்பது வரம்பு. சொந்தமாகப் பறித்துத் தின்பவருக்கு அந்த வரம்பு கிடையாது, அளவாகத் தின்னுங்கள் என்ற அறிவுரைதான். நிறம், மணம், ருசி எதுவும் மாறவில்லை. 1985இல் அதே மரத்தடியில் பறித்த கைகளுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பிரான்சில் கூடையோடு மருந்துக்கடைக்குப் போகலாம். அங்கே மருந்தாளுநர் படிப்பில் காளானும் உண்டு. சுவிட்சர்லாந்தில் உள்ளாட்சிகள் இதற்கென்றே பரிசோதகர்களை வைத்திருக்கின்றன. மேசைமீது கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து வைப்பார்கள். காலையெல்லாம் குனிந்து பறித்ததில் பாதி குப்பைக்குப் போவதைப் பறித்தவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்த நேரத்து முகத்தைப் பற்றி யாராவது எழுதவேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் ஜான் கேஜ், மௌனத்தையே இசையாக அமைத்தவர், காளானிலும் நிபுணர். 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் காளான் கேள்விகளுக்கு விடை சொல்லி ஐம்பது லட்சம் லிரா வென்றார். 1962இல் நியூயார்க் காளான் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரை ஒருமுறை மருத்துவமனைக்கு அனுப்பியது காளான் இல்லை, வேறொன்றென்று நினைத்துப் பறித்துவந்து சமைத்த ஒரு கீரை.

வாஸன் பிறகு தின்றார். 1955 ஜூன் கடைசியில் மெக்சிக்கோவின் உவாட்லா என்ற மலையூரில், மரியா சபீனா என்ற மசடெக் வைத்தியப் பெண்மணியின் கையிலிருந்து காளானை வாங்கி இருட்டில் உட்கார்ந்து மென்றார். அது காட்சிகளைக் காட்டும் காளான். 1927இல் மனைவி சமைத்ததைத் தொடாதவர் 28 ஆண்டுகள் கழித்து, தன் மொழி பேசாத ஒருவரின் கையிலிருந்து வாங்கித் தின்றார். அந்த அம்மாளும் இவரை நம்பித்தான் கொடுத்திருப்பார். 1957 மே மாதம் லைஃப் இதழில் வாஸன் அந்த இரவைப் பற்றி எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார், இருந்தும் தேடி வந்தவர்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கூட்டம் பெருகியது, மரியா சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. வாலன்தீனா அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1958 டிசம்பர் 31 அன்று புற்றுநோயால் இறந்துபோனார். கேட்ஸ்கில் வீட்டில் நூலில் கோத்துத் தொங்கவிட்ட காளான்களைக் குளிர்காலத்தில் எடுத்துச் சமைத்தபோது கணவரும் சாப்பிட்டாரா என்பதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

வைக்கோல் காளானையும் சாவின் குல்லாயையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. தண்டைக் குடையோடு ஒட்ட நறுக்கிவிட்டு, குடையைச் செதில்கள் கீழே இருக்கும்படி ஒரு தாளில் கவிழ்த்துவைக்கவேண்டும். மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விடவேண்டும். செதில்களிலிருந்து வித்துத் தூள் உதிர்ந்து, குடையின் வட்டத்தைத் தாளில் கோடு கோடாக வரைந்துவைக்கும். வைக்கோல் காளான் என்றால் தூள் வெளிறிய ரோஜா நிறம். சாவின் குல்லாய் என்றால் வெள்ளை. பசியோடு இருப்பவர்களும், விருந்தாளி வந்து காத்திருக்கும் வீட்டாரும் ஓர் இரவு பொறுப்பதில்லை. பொறுத்திருப்பவர்களும் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாளில் விழுந்த வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாது, காலையில் எடுத்துப் பார்க்கிறவர் ஒன்றும் உதிரவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆகவே பழக்கப்பட்டவர்கள் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒட்டிய தாளை மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருப்பார்கள். குடையை நடுக்கோட்டின்மேல் வைத்துவிட்டு விளக்கை அணைப்பார்கள்.